அலைக்குப் போட்ட கல்

கீழ்வேளூரில் கல் விளையாது. வயலில் எங்கே கடப்பாரை போட்டாலும் களிமண், அதற்குக் கீழே மணல், அதற்கும் கீழே மறுபடி களி. அம்மி, ஆட்டுக்கல், வாசற்படிக் கல் எல்லாம் மேற்கேயிருந்து வண்டியேறி வந்தவை. கேடிலியப்பர் கோயில் மாடக்கோயில். அத்தனை உயரத்துக்கு அடுக்கிய கருங்கல்லில் ஒன்றுகூட இந்த மண்ணில் பிறந்ததில்லை. கல்லுக்குப் பஞ்சமான ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, எங்கே ஒரு பெரிய கல்லைப் பார்த்தாலும் இது எங்கிருந்து வந்தது, யார் தூக்கி வைத்தார்கள், எதற்காக என்று கேட்டுவிடுவேன். பொதுப்பணித் துறையில் ஆற்றங்கரைகளையும் மதகுகளையும் பார்த்துக்கொண்டே என் வேலைக்காலம் போனது. அந்தக் கேள்வி அங்கே இன்னும் வலுத்தது.

சோழமண்டலக் கரையில் மனிதன் கடலுக்குள் போட்ட கற்களிலே பெரிய பாடம் சொல்பவை சென்னைத் துறைமுகத்தின் இரண்டு கல்கரங்கள். அவற்றைக் கட்டியது, அவை இடிந்தது, மறுபடி கட்டியது, பிறகு அவற்றால் கரையே இடம் மாறியது என்று முப்பத்தைந்து ஆண்டுக் கதை அது. நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே ஒவ்வொரு மீனவர் ஊரும் ‘எங்களுக்கும் கல் போடுங்கள்’ என்று கேட்கிற இந்தக் காலத்தில், அந்தக் கதை எங்கள் வட்டாரத்துக்கு மிகவும் வேண்டியது என்று நினைக்கிறேன்.

எங்களுக்குக் கடல் என்றால் நாகப்பட்டினம். கீழ்வேளூரில் ரயில் ஏறினால் சிக்கல், அதை விட்டால் நாகை. 1861-ல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கும் அடுத்த ஆண்டு திருச்சிக்கும் ரயில் போட்டதே துறைமுக வியாபாரத்தை நம்பித்தான். தஞ்சை ஜில்லாவின் அரிசி அந்தத் துறை வழியாக இலங்கைக்குப் போயிற்று, ஆட்களும் போனார்கள். ஆனால் அங்கே கப்பல் கரையை அண்டி நின்றதே இல்லை. என் பெரியப்பா பினாங்குக்குப் போனவர். கரையிலிருந்து பார்த்தால் ‘ரஜுலா’ கப்பல் தொடுவானத்தில் ஒரு பொம்மை போலத் தெரியுமாம். படகில் ஏற்றி அலை தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலின் பக்கத்தில் நிறுத்துவார்கள். படகு அலையோடு மேலே எழும்பும் நொடியைப் பார்த்துக் கப்பல் ஏணியில் கால் வைக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் படகு ஓர் ஆள் உயரம் கீழே இறங்கியிருக்கும். டிரங்குப் பெட்டியை முதலில் கயிற்றில் கட்டித் தூக்கிவிட்டு, கைக்குழந்தையைப் படகோட்டி கையில் வாங்கி மேலே நீட்டுவார் என்று பெரியப்பா சொல்வார். கடலை மறிக்கும் கல்கரம் இல்லாத துறை எப்படியிருக்கும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சென்னை இதைவிட மோசமாக இருந்தது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்த இடம் வளைகுடா இல்லாத, ஆழமான ஆற்று முகமும் இல்லாத நேரான மணல் கரை. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் இறங்க மசூலாப் படகுதான் வழி. அதன் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்துகொடுத்துத் தப்பிக்கும். பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், கடலில் விழுந்தவர்களைத் தூக்க. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மாகாணத்தின் தலைநகரம் இந்தக் கரையோர மீனவர்களின் கைத்திறனை நம்பித்தான் வியாபாரம் செய்தது.

1860-களின் தொடக்கத்தில் கரையிலிருந்து கடலுக்குள் ஆயிரம் அடிக்கு மேல் நீளும் இரும்புத் தூண் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். தூண்களின் அடியில் திருகு வைத்து மணலில் முறுக்கி இறக்கியிருந்தார்கள். அலைக்கு அப்பால் சரக்கை இறக்கிப் பாலத்தின் மேலேயே கரைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது கணக்கு. 1868-லும் 1872-லும் வந்த புயல்கள் அந்தக் கணக்கை முடித்துவைத்தன. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகிக்கொண்டிருந்தன. பாலம் போதாது, கடலையே சுவர் வைத்து வளைத்து அமைதியான நீரை உண்டாக்க வேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தது.

திட்டம் வகுத்தவர் வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர். கராச்சியில் மனோரா அலைத்தடுப்பில் பங்கு கொண்டவர். கரையிலிருந்து சுமார் 3,000 அடி இடைவெளியில் இரண்டு கரங்கள் கிழக்கே நேராகக் கடலுக்குள் போகும். முனையில் ஒன்றை நோக்கி ஒன்று வளையும். நடுவில் கிழக்கு பார்த்த வாசல். 1875 டிசம்பரில் இந்தியா வந்திருந்த வேல்ஸ் இளவரசர் இதற்கு அடையாளக் கல் நாட்டினார். அதே மாதம், சென்னைக்கு வருமுன், கொழும்பிலும் அவர் ஓர் அலைத்தடுப்புக்கு முதல் கல் வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரே இளவரசர், ஒரே மாதம், இரண்டு துறைமுகங்கள். இரண்டின் விதியும் வேறு வேறாகப் போனதைப் பின்னால் பார்க்கலாம்.

வேலை நடந்த விதத்தைக் கிட்டத்தில் நின்று பார்ப்பது போலச் சொல்லிப்பார்க்கிறேன், ஏனென்றால் கல் வேலையின் அழகு அதில்தான் இருக்கிறது. முதலில் பல்லாவரம் குன்றுப் பக்கத்துக் கருங்கல்லை உடைத்துக் கொண்டுவந்து கடலடியில் கொட்டுகிறார்கள். மணலில் விழுந்த கல் புதையும்; அதன் மேல் விழுவதும் கொஞ்சம் புதையும்; கொட்டக் கொட்ட ஒரு கட்டத்தில் இனிப் புதையாது என்ற நிலை வரும். இது காவிரிக்காரர்களுக்குப் புதிதில்லை. கல்லணையின் அடித்தளம் இப்படித்தான் ஆற்று மணலில் கல்லைப் புதையவிட்டு எழுந்தது. ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அந்தப் பழைய அணையிடமிருந்துதான் கற்றோம் என்று ஆர்தர் காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1836-ல் கொள்ளிடத் தலைப்பில் அவர் கட்டிய மேலணைக்குப் பின்னால் அந்தப் பாடம் இருக்கிறது. கடலில் கூடுதல் சிரமம், கொட்டிய கல் மேட்டைச் சமன்படுத்துவது. தலைக்கவசம் மாட்டிய முக்குளிப்பவர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கல்லைத் தடவித் தடவி ஒழுங்கு செய்ய வேண்டும். அந்த மேட்டின் மேல், கரையில் வார்த்து உலர்த்திய கான்கிரீட் கட்டிகள். ஒவ்வொன்றும் இருபது டன்னுக்கு மேல். அவற்றைத் தூக்க ‘டைட்டன்’ என்ற ராட்சதப் பளுதூக்கி. முந்திய நாள் வைத்த கட்டியின் மேல் தண்டவாளம் போட்டு, அதிலேயே நகர்ந்து, அடுத்த கட்டியைத் தனக்கு முன்னால் இறக்கும். கரம் தன்னைத்தானே கடலுக்குள் நீட்டிக்கொண்டே போகிற மாதிரி.

வேலை வேகம் பிடித்த 1876-78 ஆண்டுகள்தான் மாகாணத்தில் தாது வருஷத்துப் பெரும் பஞ்ச காலம். லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். வெளியிலிருந்து கப்பலில் வந்த தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரை மணலில் மலையாகக் குவிந்து கிடந்தன. அந்த மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே துறைமுக வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கான துறைமுகம் என்றால் அது வியாபாரிகளின் வசதி மட்டுமில்லை, பட்டினி கிடக்கிற நாட்டுக்கு மூட்டை இறங்கும் இடம் என்பதையும் அந்த இரண்டு வருஷம் காட்டியது.

1881 நவம்பரில் கரங்கள் இரண்டும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. அந்த மாதம் 5-ஆம் தேதி கிராண்ட் டஃப் சென்னை மாகாணத்தின் புதிய கவர்னராகப் பொறுப்பேற்றார். 12-ஆம் தேதி புயல் அடித்தது. ஆறு வருஷ வேலையில் அரை மைல் நீளக் கரம் சரிந்தது. மேலடுக்குக் கட்டிகள் உருண்டு உள்ளே விழுந்தன. டைட்டன்கள் இரண்டும் கடலோடு போயின. அடியில் கொட்டிய கல் மேடே தாழ்ந்துபோனது.

காரணம் தேடியவர்கள் கட்டிகள் நின்ற விதத்தைப் பார்த்தார்கள். பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு வரிசை. ஒரு வரிசைக்கும் மறு வரிசைக்கும் பிணைப்பே இல்லை. அவ்வளவு கனமான கட்டி எங்கே போய்விடும் என்று கனத்தையே நம்பியிருந்தார்கள். ஆனால் அலை கட்டியை ஒரே தள்ளில் தள்ளுவதில்லை. மணிக்கணக்கில் அசைத்து அசைத்து இடுக்கைப் பெரிதாக்கும். இடுக்கில் புகுந்த நீர் உள்ளிருந்து நெம்பும். அடியில் கல் மேடும் அலைக்கு எட்டும் உயரத்தில் இருந்ததால் அதுவும் அரிபட்டது. கரை உடைப்பைப் பார்த்திருக்கும் எந்த டெல்டாக்காரருக்கும் இது புரியும். ஆற்றுக் கரை வெள்ளத்தின் கனத்தால் உடைவது குறைவு. நண்டு வளையில் ஊறிய நீர்தான் கரையைக் கொண்டுபோகும்.

கொழும்பின் கரம் 1885-ல் முடிந்து நிலைத்தது. காலியில் நின்றுகொண்டிருந்த கப்பல்களெல்லாம் கொழும்புக்கு மாறின. அங்கே தென்மேற்கு அலையை மறிக்க ஒரு கரம் போதுமாயிருந்தது. பின்னால் பாறைக் கரை. சென்னைக் கரையில் ஓடுவது போல மணல் ஓட்டம் அங்கே இல்லை. சென்னையில் நீண்ட வாதங்களுக்குப் பிறகு மறுபடி கட்டினார்கள். இம்முறை கட்டிகளை ஒன்றோடொன்று பிணைத்தார்கள். கடல் பக்கத்தில் கட்டிகளைக் குவியலாகக் கொட்டி, அலை முதலில் அவற்றில் மோதிச் சிதறும்படி செய்தார்கள். 1890-களின் நடுவில் வேலை முடிந்தது. சுவர் நின்றது. அதற்குப் பிறகுதான் உண்மையான எதிராளி வெளியே தெரிந்தது: மணல்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை சோழகக் காற்று தெற்கிலிருந்து சாய்வாக அலையைக் கொண்டுவரும். ஒவ்வோர் அலையும் கொஞ்சம் மணலை வடக்கே நகர்த்தும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று அதைத் திருப்பித் தெற்கே தள்ளும். சோழகத்துக்கு நாள் அதிகம். ஆகவே கூட்டிக் கழித்தால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் மணல் வடக்கே போய்க்கொண்டிருக்கும். கடலோரத்தில் ஓடும் மணல் ஆறு இது. அந்த ஆற்றுக்குக் குறுக்கே சென்னையில் ஒரு கல் அணை கட்டிவிட்டார்கள். அணை கட்டினால் மேலே தேங்கும், கீழே வற்றும். அதுவேதான் நடந்தது.

தெற்குப் பக்கம் மணல் தேங்கியது. ஒரு காலத்தில் கடல் நுரை எட்டும் தூரத்தில் நின்ற புனித ஜார்ஜ் கோட்டை நிலத்துக்குள் தள்ளிப்போனது. கிராண்ட் டஃப் 1880-களில் நடைபாதை போட்டு ‘மெரினா’ என்று பெயர் வைத்த கடற்கரை ஆண்டுக்கு ஆண்டு அகன்றது. இன்று மாலையில் லட்சம் பேர் காற்று வாங்கும் அந்த மணல்வெளியில் பெரும்பகுதி துறைமுகத்தின் தெற்குக் கரம் பிடித்துவைத்தது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். வந்துசேர வேண்டிய மணல் வராததால் கடல் கரையைத் தின்றது. மீனவர் வீடுகள் போயின, வலை உலர்த்தும் மணல் போனது. பிறகு அங்கேயும் கல்லைக் கொட்டினார்கள். அந்தக் கல் தனக்கு வடக்கே இருந்த ஊரை அரித்தது. நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு கல் அடுத்த கல்லைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

துறைமுகத்துக்குள்ளும் தொல்லை. கிழக்கு வாசல் திறந்த கடலைப் பார்த்து நின்றதால் அலை நேரே உள்ளே புகுந்து கப்பல்களை ஆட்டியது. தெற்குக் கரத்தைச் சுற்றிக்கொண்டு மணல் வாசலை அடைக்கவும் தொடங்கியது. 1904-ல் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் ரயில்வேப் பொறியாளர். கடலோடு முட்டி நிற்பதை விட்டு மணலின் போக்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர் அவர்தான். வாசலை வடகிழக்குக்கு மாற்றினார், அதற்கு மறைப்பாக வெளிக் கரம் ஒன்றை நீட்டினார், 1911-க்குள் பழைய கிழக்கு வாசலை அடைத்தார். 1875-ல் நாட்டிய கல் ஒரு நல்ல துறைமுகமானது அப்போதுதான்.

அவருடைய அலுவலகத்தில் 1912 மார்ச்சில் ஒரு கும்பகோணத்து இளைஞர் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்: சீனிவாச ராமானுஜன். மாதம் முப்பது ரூபாய். தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் ஸ்பிரிங்கும் அவர் திறமையை அறிந்து துணை நின்றார்கள். 1914 மார்ச் 17 அன்று அந்தத் துறைமுகத்திலிருந்தே ‘நேவாசா’ கப்பலில் ராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஐம்பது ஆண்டுக்கு முன்னால் போயிருந்தால் மசூலாப் படகில் அலையோடு போராடித்தான் கப்பல் ஏறியிருப்பார். கல்கரங்கள் கொடுத்த நன்மையை மறுப்பதற்கில்லை. சென்னை இன்று பெரிய துறைமுகமாக இருப்பது அவற்றால்தான். நான் கேட்பதெல்லாம் அந்த நன்மையின் விலையை எந்த ஊர் கொடுத்தது என்பதுதான்.

நாகைக்கு அப்படி ஒரு கல் வளையம் அமையவில்லை. ‘ரஜுலா’வுக்குப் பிறகு ‘சிதம்பரம்’ ஓடியது. 1980-களின் நடுவில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பழைய பயணமும் நின்றது. எங்கள் கரைக்குக் கல் வந்தது வேறு வழியில். 2004 டிசம்பர் 26 சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கீழ்வேளூர் வரை அலை எட்டவில்லை. ஆனால் எங்கள் ஊரில் உறவை இழக்காத தெரு குறைவு. அதற்குப் பிறகு கடல் என்றாலே தடுப்பு வேண்டும் என்ற எண்ணம் கரை முழுக்கப் பரவியது. கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கேட்டு மறியல் நடக்காத மீனவர் ஊர் இல்லை. நாகை நம்பியார் நகரில் மீனவர்கள் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் தங்கள் பங்குப் பணத்தையும் போட்டுச் சிறு துறைமுகம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். படகையும் உயிரையும் காக்கப் பணம் திரட்டிய அந்த ஊரின் உறுதியை நான் வணங்குகிறேன். தரங்கம்பாடியில் பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாண்டியன் எழுப்பிய மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் பாதி தின்றுவிட்டது. மீதியைக் காப்பது அதைச் சுற்றிக் கொட்டிய கற்கள்தான். ஆகவே கல்லே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஓரிடத்தில் போட்ட கல் மற்றோரிடத்தை என்ன செய்யும் என்பதை என் வேலையிலேயே பார்த்திருக்கிறேன். ஓடம்போக்கி ஆற்றில் ஒரு வளைவு வருஷா வருஷம் அரித்துக்கொண்டிருந்தது. அங்கே கல் அடுக்கிக் கரையைக் கட்டினோம். அடுத்த வெள்ளத்தில் எதிர்க்கரையில், கொஞ்சம் கீழே, அரிப்பு தொடங்கியது. அந்தக் கரைக்காரர்கள் வந்து, ‘நீங்க அங்க கல்ல அடுக்கி தண்ணிய எங்க மேல திருப்பிட்டீங்க’ என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. அதன் பிறகு ஒரு கரைக்கு மதிப்பீடு போடும்போதே எதிர்க்கரைக்கும் சேர்த்துப் போடுவோம். ஆற்றில் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது. புகார் சொல்ல அவர்கள் நடந்தே வந்துவிடுகிறார்கள். கடலில் அரிப்பு பத்து மைல் வடக்கே, ஐந்து வருஷம் கழித்து வருகிறது. அதற்குள் கல் போட்ட ஒப்பந்தக்காரரும் போய்விடுகிறார், அதிகாரியும் மாறிவிடுகிறார்.

நாகைக் கடற்கரையில் வயதான மீனவர் ஒருவரிடம் இதைப் பேசினேன். “கல்லு போட்டா எங்களுக்கு மண்ணு நிக்கும் அய்யா. வடக்கால உள்ளவனுக்கு மண்ணு போயிரும். அவனும் எங்க சொந்தக்காரன்தான்” என்றார். சென்னையில் பார்க்ஸ் முதல் ஸ்பிரிங் வரை ஒரு தலைமுறை பாடுபட்டுக் கண்டுகொண்ட கணக்கு அவருக்கு மனப்பாடமாக இருந்தது. அவரைப் போன்றவர்கள்தான் ஒவ்வொரு கரைத் திட்டத்தின் கூட்டத்திலும் முதலில் உட்கார வேண்டியவர்கள்.

எனவே இந்தக் கரையில் இனிப் போடும் ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று நிபந்தனை வேண்டும். கல் போடும் ஊரோடு அதற்கு வடக்கே உள்ள ஊரையும் சேர்த்தே திட்டம் வகுக்க வேண்டும். தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே கொட்டும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும். பின்னால் தனியாகக் கேட்டால் அந்தப் பணம் வராது. வேலை முடிந்த பிறகும் பல ஆண்டுகள் கரையின் எல்லையை அளந்து, அந்த அளவை ஊர்ப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். 1881-ல் இடிந்த கரத்தை மறுபடி கட்ட முடிந்தது. வடக்கே போன நிலத்தை இன்றுவரை யாராலும் திரும்பக் கொடுக்க முடியவில்லை. கல் போடுகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் ராயபுரத்துக்கு வடக்கே ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வரட்டும்.